நீரில் கரையாத நஞ்சும் நீரில்லாமல் இயங்காத நொதியும்

பூஞ்சையின் நொதி எண்ணெய்க் கழிவைச் சிதைக்கிறது என்று அவ்வப்போது செய்தி வருகிறது. உள்ளே போய்ப் படித்தால் சோதனை அசிட்டோனிலோ அசிட்டோநைட்ரைலிலோ நடந்திருக்கும். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. அசிட்டோன் என்பது நகப்பூச்சை அழிக்கும் திரவம். ஒரு ரசாயனத்தைப் போக்க இன்னொரு ரசாயனத்தை எதற்கு ஊற்ற வேண்டும்? நொதி ஒரு புரதம்தானே, அசிட்டோன் பட்டால் வெந்த முட்டை வெள்ளைக்கரு மாதிரி திரிந்து போகாதா?

இரண்டும் நியாயமான கேள்விகள். இரண்டுக்குமான விடை ஒரே இடத்தில் இருக்கிறது. அழிக்க வேண்டிய மாசு நீருக்குள் வராது. அழிக்கும் நொதி நீரை விட்டு வராது. இரண்டையும் சந்திக்க வைக்க ஓர் இடம் வேண்டும். கரிமக் கரைப்பான் அந்த இடத்துக்கான ஏற்பாடு.

எந்த மாசைப் பற்றிப் பேசுகிறோம்

அரோமாட்டிக் சேர்மம் என்றால் பென்சீன் வளையம் உள்ள சேர்மம். பாடநூலில் 'நறுமணச் சேர்மம்' என்று படித்திருப்போம். மணத்துக்கும் இதற்கும் இப்போது தொடர்பில்லை, பழைய பெயர் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். பல வளையங்கள் பக்கம் பக்கமாக ஒட்டியிருந்தால் பல்வளைய அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன். கச்சா எண்ணெய், தார், டீசல் புகை, கரி எரித்த கசடு எல்லாவற்றிலும் இவை உண்டு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இவற்றில் 16 சேர்மங்களை முதலில் கண்காணிக்க வேண்டியவை என்று பட்டியலிட்டிருக்கிறது.

வளையம் கூடக் கூட நீரில் கரைவது எப்படிக் குறைகிறது என்று பாருங்கள்:

1. நாஃப்தலீன், 2 வளையம். வீட்டு அந்துருண்டை. ஒரு லிட்டர் நீரில் சுமார் 30 மி.கி. கரையும்.
2. ஆந்த்ரசீன், 3 வளையம். சுமார் 0.05 மி.கி.
3. பென்சோ-ஏ-பைரீன், 5 வளையம். சுமார் 0.004 மி.கி.

ஒரு கிராம் ஆந்த்ரசீனைக் கரைக்க 20,000 லிட்டர் நீர் வேண்டும். பெரிய தண்ணீர் லாரி ஒன்றின் அளவு. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை உறுதியாக வகைப்படுத்தியிருக்கும் பென்சோ-ஏ-பைரீனில் ஒரு கிராமுக்கு இரண்டரை லட்சம் லிட்டர். கரையாத மீதி எங்கே போகும்? மண்துகளிலும் சேற்றிலும் எண்ணெய்ப் படலத்திலும் ஒட்டிக்கொள்ளும். நொதி வெளியே நீரில் மிதந்துகொண்டிருக்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை.

பூஞ்சையிடம் உள்ள ஆயுதங்கள்

மரத்துக்கு உறுதி தருவது லிக்னின். அதுவும் பென்சீன் வளையங்களால் ஆனதுதான். ஆனால் செல்லுலோஸைப் போல ஒரே அலகு வரிசையாகத் திரும்பத் திரும்ப வராது, தாறுமாறாகப் பின்னியிருக்கும். பூட்டுக்குச் சாவி போலப் பொருந்தும் நொதி அதனிடம் பலிக்காது. அதனால் வெள்ளை அழுகல் பூஞ்சைகள் வேறு வழியைப் பிடித்தன. வளையத்திலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கிவிடுவது. பிடுங்கியபின் அந்த மூலக்கூறு நிலைகுலைந்து தானாகவே நீரோடும் ஆக்சிஜனோடும் வினைபுரியும். ஆளைப் பார்க்காமல் அடிக்கும் இந்தக் குணத்தால்தான், லிக்னினுக்காக உருவான நொதி தாரையும் தாக்குகிறது.

முக்கியமானவை மூன்று.

1. லாக்கேஸ். நான்கு தாமிர அணுக்கள் கொண்டது. காற்றிலுள்ள ஆக்சிஜன் போதும், அதை நீராக மாற்றிவிடும். 1883இல் ஜப்பானிய அரக்கு மரத்தின் பாலில் யோஷிடா முதலில் விவரித்தது. பூஞ்சை லாக்கேஸ் அதைவிட வலுவானது. டிராமெட்டெஸ் வெர்சிகலர் என்ற பூஞ்சையும், நம் ஊர்களில் வைக்கோலில் வளர்க்கும் சிப்பிக் காளானின் இனமும் இதைச் சுரக்கின்றன.
2. லிக்னின் பெராக்சிடேஸ். ஃபானரோகீட்டே கிரைசோஸ்போரியம் என்ற பூஞ்சையில் 1983இல் கண்டறியப்பட்டது. இதற்கு ஹைட்ரஜன் பெராக்சைடு தேவை.
3. மாங்கனீசு பெராக்சிடேஸ். இதற்கும் பெராக்சைடு தேவை. இது மாசை நேரடியாகத் தொடுவதில்லை. மாங்கனீசு அயனியை இரண்டிலிருந்து மூன்றாம் நிலைக்கு ஏற்றி அனுப்பும். மலோனேட் போன்ற கரிம அமிலம் அந்த அயனியைப் பிடித்துக்கொண்டு வெளியே தூது போகும்.

எந்த மாசு அடிபடும், எது தப்பும் என்பதை வளையத்தின் பிடி தீர்மானிக்கிறது. ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கத் தேவையான ஆற்றல் ஏறக்குறைய 7.55 எலக்ட்ரான் வோல்ட்டுக்குள் இருந்தால் லிக்னின் பெராக்சிடேஸ் அதைத் தாக்கும் என்று 1986இல் ஹாம்மல், கல்யாணராமன், கிர்க் ஆகியோர் காட்டினார்கள். பென்சோ-ஏ-பைரீனுக்கு அந்த ஆற்றல் சுமார் 7.1, ஆந்த்ரசீனுக்கு 7.4. மூன்றே வளையம் உள்ள ஃபினாந்த்ரீனுக்கு 7.9, அது தப்பிவிடும்.

இதில் கவனிக்க வேண்டிய வேடிக்கை ஒன்று உண்டு. பாக்டீரியாவுக்குச் சிறிய வளையங்கள் எளிது, பெரியவை கடினம். பூஞ்சை நொதிக்கு, ஐந்து வளைய நஞ்சு மூன்று வளைய ஃபினாந்த்ரீனைவிட எளிதாக எலக்ட்ரானைக் கொடுக்கிறது. வேதியியல் தயார். தடையாக நிற்பது கரைதிறன் மட்டும்தான். கரைப்பானின் பக்கம் ஆய்வாளர்கள் போனதற்கு இதுவே காரணம்.

லாக்கேஸின் எலக்ட்ரான் இழுக்கும் திறன் குறைவு, வலுவான வகைகளில்கூட 0.8 வோல்ட்டுக்குள்தான். அதனால் ஏபிடிஎஸ் (எலக்ட்ரானை இழந்தால் பச்சையாகும் சேர்மம்), ஹைட்ராக்சிபென்சோட்ரையசோல் போன்ற இடைத்தரகர்களைச் சேர்ப்பார்கள். லாக்கேஸ் தரகரை உசுப்பிவிடும், தரகர் போய் மாசைத் தாக்கும். இந்தத் தரகர்களும் செயற்கைச் சேர்மங்களே. ஹைட்ராக்சிபென்சோட்ரையசோலின் வினைபடு வடிவம் லாக்கேஸையே மெல்லச் சிதைக்கவும் செய்யும்.

கரைப்பான் நொதியை என்ன செய்கிறது

நொதி முழுக்க நனைந்திருக்க வேண்டியதில்லை. அதன் மேற்பரப்பை ஒட்டி மெல்லிய நீர்ப் போர்வை ஒன்று இருந்தால் போதும். அந்தப் போர்வையின் மூலக்கூறுகள்தான் புரதச் சங்கிலி அசைந்து வேலை செய்ய வழிவிடுகின்றன. நீரோடு கலக்கும் கரைப்பான்கள் (அசிட்டோன், மெத்தனால், அசிட்டோநைட்ரைல்) இந்தப் போர்வையை உருவிவிடும். நீரோடு கலக்காத ஹெக்சேன், ஐசோஆக்டேன் போன்றவை அதைத் தொடாது.

இதை ஓர் எண்ணில் அடக்கும் முயற்சிதான் லாக் பி. ஒரு கரைப்பான் ஆக்டனாலுக்கும் நீருக்கும் இடையே எப்படிப் பிரிந்து நிற்கிறது என்பதன் மடக்கை மதிப்பு. 1987இல் லானே குழுவினர் வகுத்த விதி: 2க்குக் கீழே இருந்தால் நொதிக்கு ஆகாது, 4க்கு மேல் நல்லது, நடுவில் சொல்ல முடியாது. அசிட்டோனுக்கு இது மைனஸ் 0.2, டொலுயீனுக்கு 2.5 அளவில், ஹெக்சேனுக்கு 3.5க்கு மேல்.

அப்படியானால் ஏன் எல்லோரும் அசிட்டோனையே எடுக்கிறார்கள்? விதி பெரும்பாலும் கரைப்பானே ஊடகமாக இருக்கும் நிலைக்கானது. நீரே அதிகமாக இருக்கும் கலவைக்கு அதை அப்படியே பொருத்தக் கூடாது. அசிட்டோன் விழுக்காட்டை மெல்ல ஏற்றினால் நடப்பது பொதுவாக இது:

1. 10 முதல் 20 விழுக்காடு வரை பெரும்பாலான பூஞ்சை நொதிகள் தாக்குப்பிடிக்கும். வேகம் குறையும், உயிர் போகாது.
2. 30 முதல் 40 வரை நொதிக்கு நொதி மாறும். சில மணி நேரம் தாங்குபவையும் உண்டு, நிமிடங்களில் படுத்துவிடுபவையும் உண்டு.
3. 60 முதல் 80 வரைதான் மோசமான பகுதி. போர்வையை உருவும் அளவுக்குக் கரைப்பான் இருக்கிறது. சங்கிலி அவிழ்ந்து கலைந்துபோகும் அளவுக்கு நீரும் இருக்கிறது. நொதி விரிந்து திரிந்துவிடும்.
4. ஏறக்குறைய நீரே இல்லாத நிலையில் நொதி மறுபடி நிலைத்து நிற்கும். அவிழ்வதற்கும் நீர் வேண்டுமே! விறைத்துப்போய், ஆனால் சிதையாமல் இருக்கும்.

நான்காவது நிலை 1984இல் உலகத்தை வியக்கவைத்தது. சாக்ஸ், கிளிபனோவ் இருவரும் பன்றிக் கணைய லைபேஸை (கொழுப்பைச் சிதைக்கும் நொதி) உலர் கரைப்பானில் போட்டு 100 டிகிரி செல்சியசில் பல மணி நேரம் வேலை வாங்கினார்கள். நீரில் அந்தச் சூட்டில் அது நொடிகளில் செத்திருக்கும். அதிலிருந்து 'நொதிக்குக் கரைப்பான் நல்லது' என்று பொதுவாகச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். லைபேஸுக்குச் சொன்னதை பெராக்சிடேஸுக்கு நீட்டக் கூடாது. லைபேஸ் தனியாள். மாங்கனீசு பெராக்சிடேஸ் ஓர் அயனியைத் தூது அனுப்பிப் பிழைப்பது. உலர் கரைப்பானில் மாங்கனீசு உப்பும் கரையாது, மலோனேட்டும் கரையாது. தூதுவன் வாசலைத் தாண்டமாட்டான்.

இதே காலத்தில் இன்னொரு பாடமும் நடந்தது. நீரில் லிக்னினை உடைக்காத குதிரைமுள்ளங்கி பெராக்சிடேஸ், கரைப்பானில் உடைக்கிறது என்று 1986இல் ஒரு குழு அறிவித்தது. அடுத்த ஆண்டே இன்னொரு குழு அதை மறுபரிசீலனை செய்து, உடைந்ததாகக் கொள்ள முடியாது என்றது. கரைப்பானில் கரைந்து தெரிவதையும் சிறு துண்டாக உடைந்து தெரிவதையும் பிரித்தறிவது அவ்வளவு எளிதல்ல. கீழே வரப்போகும் பிழைகளில் பாதி இதே வகைதான்.

நான்கு ஏற்பாடுகள்

1. ஒரே கலவை. நீரோடு கலக்கும் கரைப்பானை 15 முதல் 40 விழுக்காடு சேர்ப்பது. செய்வது எளிது, நொதிக்குக் கடினம்.
2. இரண்டு அடுக்கு. சிலிக்கோன் எண்ணெய் அல்லது ஹெக்சாடெக்கேனில் மாசு, கீழே நீரில் நொதி, நடுவே கலக்கி. மாசு எண்ணெயிலிருந்து நீருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், இறங்க இறங்க நொதி முடிக்கும். நொதிக்குச் சொகுசு. ஆனால் வேகத்தைத் தீர்மானிப்பது நொதி அல்ல, கலக்கியின் சுழற்சி. ரொம்ப வேகமாகச் சுற்றினால் இரண்டு திரவம் சந்திக்கும் பரப்பில் புரதம் படிந்து திரியும், பால் போன்ற குழம்பு உண்டாகி அடுக்குகள் பிரியவே பிரியாது.
3. தலைகீழ் மிசெல். ஐசோஆக்டேனில் ஏஓடி என்ற பரப்பியங்கியை (சோப்பு போன்ற பொருள்) கரைத்து, நானோ அளவு நீர்த்துளிகளுக்குள் நொதியை அடைப்பது. நீருக்கும் ஏஓடிக்குமான மோல் விகிதமே துளியின் அளவைத் தீர்மானிக்கும். தாளில் அழகாக இருக்கும். முடிந்தபின் ஏஓடியைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு.
4. உலர் தூள் அல்லது தாங்கியில் பதித்த நொதி. எந்த பி.எச். உள்ள தாங்கல் கரைசலிலிருந்து (அமிலத்தன்மையை மாறாமல் வைத்திருக்கும் கரைசல்) உலர்த்தினோமோ அந்த பி.எச்.சை நொதி 'நினைவில்' வைத்திருக்கும். நீரைக் கட்டுப்படுத்த, நொதியையும் கரைப்பானையும் மூடிய கலனில் நிறைவுற்ற உப்புக் கரைசலோடு வைப்பார்கள்: லித்தியம் குளோரைடு என்றால் நீர்ச் செயல்திறன் (தூய நீரை 1 என்று வைத்த அளவு) 0.11, மெக்னீசியம் குளோரைடு 0.33, சாதா உப்பு 0.75.

ஒரு சோதனையை அருகில் பார்த்தால்

ஸ்பெயினின் சான்டியாகோ டி கம்போஸ்டெலா பல்கலைக்கழகக் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வில், 36 விழுக்காடு அசிட்டோன் கலந்த ஊடகத்தில் மாங்கனீசு பெராக்சிடேஸ் ஆந்த்ரசீனைச் சில மணி நேரத்தில் முழுதும் சிதைத்தது. அந்த வகைச் சோதனையை 100 மி.லி. அளவில் அமைத்தால் இப்படி வரும்.

1. ஆந்த்ரசீன் 17.8 மி.கி. எடுத்து 100 மி.லி. அசிட்டோனில் கரைக்கவும். இது 1 மில்லிமோலார் இருப்புக் கரைசல். பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் வைக்கவும்.
2. மலோனேட் தாங்கல் கரைசலை பி.எச். 4.5க்குச் சரிசெய்யவும். இதை அசிட்டோன் சேர்ப்பதற்கு முன்பே முடிக்க வேண்டும். அசிட்டோன் கலந்தபின் கண்ணாடி மின்முனை காட்டும் எண் வேறு, பழைய பி.எச். அளவுகோலோடு ஒப்பிட முடியாது.
3. 33.2 மி.லி. அசிட்டோனில் 2.8 மி.லி. இருப்புக் கரைசலைச் சேர்த்து, அதன்மேல் தாங்கல் கரைசலைக் கலக்கியபடி மெல்ல ஊற்றவும். மாற்றி ஊற்றினால் ஆந்த்ரசீன் நீரைத் தொட்ட இடத்திலேயே பொடியாக விழும். கடைசியில் மொத்தம் 100 மி.லி.; அதில் மலோனேட் 20 மில்லிமோலார், மாங்கனீசு சல்பேட் 20 மைக்ரோமோலார், ஆந்த்ரசீன் லிட்டருக்கு 5 மி.கி. இருக்க வேண்டும்.
4. நீரும் அசிட்டோனும் கலக்கும்போது சூடேறும், கன அளவும் சற்றுச் சுருங்கும். அறை வெப்பநிலைக்கு வரும்வரை பொறுத்து, அதன்பின் 20 யூனிட் நொதி சேர்க்கவும் (நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமோல் பொருளை மாற்றும் அளவு ஒரு யூனிட்).
5. 100 மில்லிமோலார் ஹைட்ரஜன் பெராக்சைடை நிமிடத்துக்கு 5 மைக்ரோலிட்டர் வீதம் சிரிஞ்ச் பம்பால் செலுத்தவும். இது லிட்டருக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோமோல். ஆறு மணி நேரத்துக்கு 1.8 மி.லி.தான், ஊடகம் நீர்த்துப்போகாது.
6. கலனை இறுக மூடி அலுமினியத் தாள் சுற்றவும்.

இப்போது ஒரு கணக்கு. ஆந்த்ரசீன் ஆந்த்ராகுயினோனாக (வளையத்தில் இரண்டு ஆக்சிஜன் ஏறிய வடிவம்) மாற ஆறு எலக்ட்ரான் போக வேண்டும், அதாவது மூன்று பெராக்சைடு மூலக்கூறு. கலனில் இருக்கும் ஆந்த்ரசீன் 2.8 மைக்ரோமோல், தேவையான பெராக்சைடு 8.4 மைக்ரோமோல். ஆறு மணி நேரத்தில் நாம் செலுத்தியது 180. இருபது மடங்குக்கு மேல்! மிச்சம் மலோனேட்டை ஆக்சிஜனேற்றம் செய்வதிலும், பக்க வினைகளிலும், நொதியையே சுடுவதிலும் செலவாகிறது. இந்த முறையின் பலவீனத்தை விளம்பரச் செய்தி எதுவும் சொல்லாது, இந்த ஒற்றைக் கணக்கு சொல்லிவிடும்.

பெராக்சைடை ஒரே தடவையில் ஊற்றினால் என்ன? நொதியின் நடுவிலுள்ள ஹீம் (இரும்பைத் தாங்கிய பகுதி) அளவுக்கு மீறிய பெராக்சைடில் செயலற்ற வடிவத்துக்குப் போய், அங்கிருந்து வெளுத்து அழியும். அசிட்டோன் ஏற்கனவே நொதியைத் தளர்த்தி வைத்திருப்பதால் இங்கே அது இன்னும் சீக்கிரம் நடக்கும். சொட்டுச் சொட்டாகக் கொடுப்பது சிக்கனத்துக்காக அல்ல, நொதியைக் காப்பாற்ற.

லாக்கேஸில் செய்தால் பெராக்சைடு தொல்லை இல்லை. அதன் செயல்திறனை ஏபிடிஎஸ் கொண்டு 420 நானோமீட்டரில் அளப்பார்கள். ஒளி உறிஞ்சும் கெழு 36,000. மொத்தம் 3 மி.லி. குவெட்டில் (ஒளி அளக்கும் சிறு கலன்) 50 மைக்ரோலிட்டர் நொதி சேர்த்து, நிமிடத்துக்கு 0.36 ஏறினால் அந்த நொதிக் கரைசல் மி.லி.க்கு 0.6 யூனிட். இதை நீரில் மட்டும் அளந்துவிட்டு அசிட்டோன் சோதனைக்குப் போவதுதான் வழக்கமான சறுக்கல். நீரில் 0.6 காட்டியது 36 விழுக்காடு அசிட்டோனில் எவ்வளவு, ஒரு மணி நேரம் ஊறியபின் எவ்வளவு என்று மூன்று தடவை அளக்க வேண்டும்.

பொய்யாக வெற்றி காட்டும் இடங்கள்

தோல்வியைவிட ஆபத்தானது பொய் வெற்றி. 'ஆந்த்ரசீன் 90 விழுக்காடு குறைந்தது' என்ற எண் நொதியே இல்லாமலும் வரும்.

1. அசிட்டோன் ஆவியாதல். கொதிநிலை 56 டிகிரிதான். கரைதிறன் அசிட்டோன் விழுக்காட்டோடு நேர்கோட்டில் ஏறுவதில்லை, மடங்கு மடங்காக ஏறுகிறது. மூடி சரியில்லாமல் 10 புள்ளி குறைந்தாலே கரைதிறன் மூன்று நான்கு மடங்கு சரிந்து, ஆந்த்ரசீன் கலன் சுவரில் படிகமாக ஒட்டும். மேலே இருக்கும் திரவத்தை எடுத்து அளந்தால் 'சிதைந்துவிட்டது' என்று தோன்றும்.
2. வெளிச்சம். ஆந்த்ரசீன் ஒளியிலேயே மாறும், அதிலும் விளைபொருளாக ஆந்த்ராகுயினோன் வரும். நொதி செய்ததும் ஜன்னல் வெயில் செய்ததும் குரோமட்டோகிராமில் (சேர்மங்களைப் பிரித்துக் காட்டும் வரைபடம்) ஒன்றுபோலவே தெரியும்.
3. பிளாஸ்டிக். பாலிப்ரொப்பிலீன் குழாயும் ரப்பர் நுனி சிரிஞ்சும் மாசை உறிஞ்சும். ரப்பர் அசிட்டோனில் ஊறி அதிலுள்ள சேர்மங்களையும் கசியவிடும். கண்ணாடி, டெஃப்லான் தவிர வேறெதுவும் கூடாது.
4. உப்பு. அசிட்டோன் அதிகமானால் பாஸ்பேட் வெள்ளையாக வீழ்படியும், மாங்கனீசையும் இழுத்துக்கொண்டு போகும். நொதியை அம்மோனியம் சல்பேட்டில் வைத்திருந்தால் முதலில் உப்பை நீக்க வேண்டும். இல்லையேல் உப்பு கரைப்பானைத் தனி அடுக்காகத் தள்ளும், மாசு முழுக்க அந்த அடுக்கில் ஏறிக்கொள்ளும்.
5. பழைய ஈதர், டெட்ராஹைட்ரோஃப்யூரான். நின்ற புட்டியில் தாமாகவே பெராக்சைடு உருவாகும். பெராக்சைடு சேர்க்காத ஒப்பீட்டுக் கலனிலும் வினை நடப்பது போலக் காட்டும்.

ஆகவே குறைந்தது மூன்று ஒப்பீட்டுக் கலன்கள்: கொதிக்கவைத்த நொதியோடு ஒன்று, பெராக்சைடு இல்லாமல் ஒன்று, நொதியே இல்லாமல் ஒன்று. மாதிரி எடுக்கும்போது ஒரு துளியை உறிஞ்சி எடுக்காமல், நேரத்துக்கு ஒரு சிறு கலன் என்று தனித்தனியாக வைத்து, முழுக் கலனிலும் அசிட்டோநைட்ரைல் ஊற்றிச் சுவரையும் கழுவி அளப்பதுதான் நம்பகமானது. திரவக் குரோமட்டோகிராஃபியின் எதிர்நிலை (சி18) நெடுவரிசையில் ஓட்டி 254 நானோமீட்டரில் பார்த்தால் ஆந்த்ரசீனும் ஆந்த்ராகுயினோனும் தனித்தனி உச்சிகளாக வரும்.

கழிவுப் புட்டி பற்றி ஓர் எச்சரிக்கை. மேலே சொன்ன அளவில் பெராக்சைடு மிக நீர்த்தது, பயமில்லை. ஆனால் மிஞ்சிய 30 விழுக்காடு பெராக்சைடை அசிட்டோன் கழிவோடு ஒரே புட்டியில் ஊற்றக் கூடாது. அமிலமும் கூடச் சேர்ந்தால் வெடிக்கும் பொருள் உருவாகும். இரண்டுக்கும் தனித்தனிப் புட்டி, தனித்தனி அலமாரி.

சிதைந்தது என்றால் என்ன ஆனது?

இந்தக் கேள்விக்கு விடை இல்லாத எந்த முடிவையும் பாதி முடிவாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆந்த்ரசீன் விஷயத்தில் வழி தெளிவு: முதலில் ஆந்த்ராகுயினோன், பிறகு வளையம் உடைந்து பித்தாலிக் அமிலம். பித்தாலிக் அமிலம் நீரில் கரையும், பாக்டீரியா அதை எளிதில் தின்னும். உயிருள்ள பூஞ்சை கார்பன் டை ஆக்சைடு வரை கொண்டுபோகும். தனி நொதி அவ்வளவு தூரம் போகாது. லாக்கேஸ் பெரும்பாலும் ஆந்த்ராகுயினோனிலேயே நின்றுவிடும்.

பென்சோ-ஏ-பைரீனில் வருவது 1,6, 3,6, 6,12 என்ற மூன்று குயினோன்கள். தாய்ச் சேர்மம் போனது உண்மை. ஆனால் குயினோன்கள் உயிரணுவுக்குள் திரும்பத் திரும்ப எலக்ட்ரானை வாங்கிக் கொடுத்து ஆக்சிஜனைத் தீங்கான வடிவத்துக்கு மாற்றக்கூடியவை. அதனால் நச்சுத்தன்மையைத் தனியாகச் சோதிக்காமல் 'சுத்தமானது' என்று சொல்ல முடியாது. கால்டாரியோமைசஸ் ஃபூமாகோ என்ற பூஞ்சையின் குளோரோபெராக்சிடேஸ் இன்னும் கவனிக்க வேண்டியது. கரைப்பானைத் தாங்குவதில் கெட்டிக்காரன். ஆனால் குளோரைடு இருந்தால் வளையத்தில் குளோரினை ஏற்றிவிடும். மாசைப் போக்கப் போய் அதைவிட நீடித்து நிற்கும் மாசைச் செய்த கதையாகிவிடும்.

எங்கே பயன்படும், எங்கே படாது

லிட்டருக்கு 5 மி.கி. என்ற அளவில் ஒரு கிலோ ஆந்த்ரசீனை முடிக்க 2 லட்சம் லிட்டர் கலவை வேண்டும். அதில் அசிட்டோன் 72,000 லிட்டர், நொதி 4 கோடி யூனிட். அசிட்டோனை வடித்துத் திரும்ப எடுக்கலாம் என்பார்கள். எடுக்கலாம்தான். ஆனால் வடிக்கும்போது மாசு அடியில் தங்கிவிடுகிறதே. அந்தக் கசடை உயர் வெப்ப உலையில் எரித்தால் வேலை முடிந்தது, நொதி எதற்கு? ஒரே கலவை முறையைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோக நினைக்கும் எவரும் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. மாசு குறைந்த அளவில், உலை இல்லாத இடத்தில், கரைப்பானால் மண்ணைக் கழுவி எடுத்த சிறு தொகுதிகளுக்கு வேண்டுமானால் பொருந்தும். சிலிக்கோன் எண்ணெய் அடுக்கு முறைக்கு இதைவிட எதிர்காலம் உண்டு: எண்ணெய் பல கிராம் மாசைச் சுமக்கும், ஆவியாகாது, தீப்பற்றும் அச்சம் குறைவு, அதே எண்ணெயை மறுபடி ஏற்றலாம்.

திறந்த நீர்நிலைக்கு இது எந்த வகையிலும் ஆகாது. எண்ணூர்ப் பகுதியில் இரண்டு முறை எண்ணெய் படிந்தது: 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதியபோது ஒருமுறை, 2023 டிசம்பர் வெள்ளத்தில் கழிமுகத்துக்குள் ஒருமுறை. 2017இல் வாளியால் அள்ளியதைப் பார்த்தவர்கள் 'விஞ்ஞானம் இவ்வளவு வளர்ந்தும் வாளியா' என்று கேட்டார்கள். கழிமுகத்தில் அசிட்டோன் ஊற்ற முடியாது, மீனும் இறாலும் சாகும். கரைப்பான் இல்லாமல் நொதியை மட்டும் கொட்டினாலும் பலனில்லை: மாங்கனீசு பெராக்சிடேஸுக்கு வேண்டிய பி.எச். 4.5, கடல்நீரில் 8. லாக்கேஸின் தாமிரத்தைக் கடல்நீரின் குளோரைடு முடக்கிப் போடும். வாளியால் அள்ளி எடுத்த பிறகு, கரையில் கலனுக்குள் வேண்டுமானால் நொதிக்கு வேலை வரும்.

நொதி விலைதான் தடை என்றால், அதற்கு ஒரு பக்கவழி உண்டு. சிப்பிக் காளான் பறித்து முடித்த வைக்கோலில் லாக்கேஸ் மிச்சமிருக்கும். ஒரு பங்கு ஈர வைக்கோலை ஐந்து பங்கு பி.எச். 5 தாங்கல் கரைசலில் போட்டு, குளிர்பதனப் பெட்டியில் சில மணி நேரம் ஊறவிட்டுத் துணியில் பிழிந்தால் பழுப்பு நிறச் சாறு வரும். அதில் ஏபிடிஎஸ் கலந்தால் பச்சை ஏறுவது கண்ணுக்கே தெரியும். அதே சாற்றோடு மூன்றில் ஒரு பங்கு அசிட்டோன் சேர்த்து ஒரு மணி நேரம் கழித்து மறுபடி ஏபிடிஎஸ் விட்டுப் பார்க்க வேண்டும். அப்போதும் பச்சை ஏறினால் ஆந்த்ரசீனை எடுக்கலாம், ஏறாவிட்டால் வைக்கோலை மாற்றலாம்.